வீட்டில் வளர்க்கும் போவா

முதன்முதலாகப் பாம்பு வளர்க்க விரும்புவோர்க்கு மேல்நாடுகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் இனங்களுள் ஒன்று போவா. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரை பரவி வாழும் பாம்பு அது. அத்தகைய விருப்பம் கம்பளை போன்ற மலைநாட்டு ஊரொன்றில் எழுமாயின் எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை?

போவாக் குடும்பத்துக்கும் இலங்கைக்கும் பெயரளவில் வேடிக்கையான ஓர் உறவு உண்டு. அனக்கொண்டா என்பது தென் அமெரிக்காவின் நீர்நிலைகளில் வாழும் மாபெரும் போவா. ஆனால், 1693இல் அப்பெயரை எழுதிவைத்த ஆங்கிலேய அறிஞர் ஜோன் ரே, அதனை இலங்கைப் பாம்பு ஒன்றுக்கே உரியதாகக் குறித்தார். 'ஆனை கொன்றான்' என்ற தமிழ்த் தொடரின் சிதைவு என்பர் சிலர். 'ஹெனகந்தயா' என்ற சிங்களப் பெயரின் திரிபு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் பெயர் கடல் கடந்து போயிற்று; பாம்பு இங்கேயே தங்கிவிட்டது.

போவாவுக்கு நஞ்சில்லை. பழகினால் பெரும்பாலும் அமைதியாகக் கையில் இருக்கும். இரையைச் சுற்றி நெரித்தே கொல்லும். அவ்வாறு நெரிக்கையில் இரையின் குருதியோட்டமே நின்றுவிடுகிறது என்பது 2015இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று. முட்டையிடாது குட்டி ஈனும். அக்குட்டியின் நீளம் ஒன்றரை அல்லது இரண்டு அடி. வாங்குவோர் ஏமாறுவதும் அங்கேதான். வளர்ந்த பெண் போவா எட்டடியையும் தாண்டும். இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். பிலடெல்பியா விலங்குக்காட்சிச் சாலையில் ஒன்று 40 ஆண்டுகள் கடந்து வாழ்ந்து 1977இல் இறந்தது. இருபது வயதில் ஆசைப்பட்டு வாங்கியவர், பேரப்பிள்ளை கண்ட பின்னும் அதற்கு எலி தேட நேரலாம்.

அடுத்தது வெப்பம். கம்பளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் உள்ளது. தை மாதத்து இரவுகள் குளிர்ந்தவை. போவாவின் கூண்டில் ஒரு பக்கம் 30 பாகை செல்சியசு அளவில் வெதுவெதுப்பாகவும், மறுபக்கம் சற்றுக் குளிர்ந்தும் இருத்தல் வேண்டும். குளிர் மிகுந்தால் உண்டது செரியாது, கக்கிவிடும். சளி நோயும் பற்றும். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, நீர்த்தொட்டி, திடமான பூட்டு ஆகியனவும் தேவை. இரை அதன் உடற்பருமனை மிஞ்சலாகாது. உண்டபின் இரண்டொரு நாள் அதைத் தொடாதிருத்தல் நலம். பெரிய போவாவை ஒருவர் தனித்துக் கையாளுதல் கூடாது.

சட்டமும் உண்டு. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவர வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறவேண்டும். அது கைகூடாதபோது, மகாவலிக் கரையிலோ தேயிலைச் செடிகளின் அடியிலோ கண்ட தடித்த குட்டியொன்றை, 'வெங்கிணாந்திக் குட்டிதானே' என்று தூக்கிவரும் எண்ணம் தோன்றலாம். இதைவிடப் பெரும் ஆபத்து வேறில்லை. வெங்கிணாந்தியாகிய மலைப்பாம்பு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, கையிலெடுத்தது கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். வெங்கிணாந்தியின் தோல் வழவழப்பானது, புள்ளிகள் ஒழுங்கற்றவை. விரியனின் செதில்கள் சொரசொரப்பானவை. முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் தொடர்ந்து செல்லும். சினந்தால் உரக்கச் சீறும். அதன் நஞ்சு குருதியை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடிபட்டவர் தாமதியாது மருத்துவமனை சேரவேண்டும்.

வளர்க்க இயலாதவர் பாம்பை ஆற்றோரத்தில் விட்டுவிடுவதும் தகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் அவ்வாறு பெருகி, அந்நாட்டுச் சிறு விலங்குகளை அழித்துவருகின்றன. கரிபியனிலுள்ள அரூபாத் தீவில் அதே கேட்டைப் போவாவே விளைத்தது.

பாம்பின் போக்கை நாள்தோறும் காண விரும்பும் கம்பளைவாசிக்கு வயல் வரம்பில் சாரைப்பாம்பு இருக்கிறது. நஞ்சற்றது, எலியைத் தானே தேடிக்கொள்ளும், கூண்டும் வேண்டா.