அறுவைச் சிகிச்சை முடிந்து மகளை வீட்டுக்கு அழைத்து வரும்போது

கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு மீண்டும் ஒரு குழந்தை வேண்டும் என்று விரும்புபவர்கள் உண்டு. மறுமணம் காரணமாக இருக்கலாம். பெற்ற பிள்ளையை இழந்த துயரமும் காரணமாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கெடாவின் கோத்தா கோலமூடாவைத் தாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதே நாளில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினக் கடற்கரையில் ஏராளமான பிள்ளைகள் பலியானார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் முன்பே கருத்தடை செய்திருந்தார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கருக்குழாய் மறுஇணைப்பு அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்து கொடுத்தது. சிலர் மீண்டும் தாயானார்கள்.

இந்தச் சிகிச்சையில், முன்பு கட்டிய அல்லது வெட்டிய கருக்குழாயின் இரு முனைகளையும் டாக்டர் மிக மெல்லிய நூலால் சேர்த்துத் தைக்கிறார். வெளிக்காயம் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே வீட்டுக்கு வரும் பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். கார் ஏற்பாடு செய்வதும் பத்தியம் பார்ப்பதும் நம் வீடுகளில் பெரும்பாலும் பெரியவர்கள்தாம். அதனால் இதை உங்களுக்குச் சொல்கிறோம்.

புறப்படும் முன்

• மருந்துகள், மருத்துவமனைக் கடிதம், அடுத்த சந்திப்புத் தேதி, வார்டின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாதியிடம் கேட்டு வாங்குங்கள்.
• வலி மருந்தைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று கேளுங்கள்.
• கைலி, நைட்டி போன்ற தளர்வான உடை நல்லது. இடுப்புப் பட்டி காயத்தில் அழுத்தக்கூடாது.
• சிறுநீர் கழித்த பிறகு புறப்படச் சொல்லுங்கள்.

காரில்

• முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே வைக்கட்டும்.
• வயிறு வலிக்கும் என்று இருக்கை வாரைக் கழற்றிவிடாதீர்கள். வாரின் கீழ்ப்பகுதி வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் பதிய வேண்டும். காயத்தில் உரசாமலிருக்க நடுவில் மடித்த துண்டு ஒன்றை வைக்கலாம்.
• இருமல் வந்தால் வயிற்றின் மேல் சிறு தலையணையை அழுத்திப் பிடித்து இருமச் சொல்லுங்கள். வலி குறையும்.
• அறுவைக்குப் பிறகு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். மணிக்கொரு முறை காரை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். அலோர்ஸ்டாரிலிருந்து சுங்கை பட்டாணிக்கு வருபவர்கள் குரூண் ஓய்விடத்தில் நிறுத்தலாம். உட்கார்ந்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும்.
• நெடுஞ்சாலையைவிடத் தோட்டத்து மண்சாலைதான் அதிகம் வலிக்கும். கடைசி ஒன்றிரண்டு கட்டையை மெதுவாகக் கடக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் வந்தாலும், அங்கிருந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிவர வேண்டாம்.

சிறு துளை வழியாகச் சிகிச்சை செய்திருந்தால் தோள்பட்டை சில நாள் வலிக்கலாம். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவே காரணம். பயப்பட வேண்டாம்.

வீட்டில்

பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் குறைக்காதீர்கள். மலச்சிக்கலால் முக்கினால் தையலுக்குக் கேடு. காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ பூசாதீர்கள்; வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடக்கட்டும். ஆனால் தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு, குழந்தை எதையும் தூக்கக்கூடாது. வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சை என்றால் இது வழக்கமாக ஆறு வாரம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

38 பாகைக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், சிறுநீர் கழிக்க முடியாமை, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலும் அன்றே போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், அதிக இரத்தப்போக்கு என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

பிறகு

மாதவிடாய் தள்ளிப்போனால் காத்திருக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயிலேயே தங்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

சிகிச்சை செய்த எல்லாருக்கும் குழந்தை பிறப்பதில்லை. “விசேஷம் உண்டா?” என்று மாதந்தோறும் கேட்காதீர்கள். மற்றவர்கள் கேட்டாலும் நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள். உடம்பு ஆறுவதற்கு மனமும் நிம்மதியாக இருக்க வேண்டும். அந்த நிம்மதியை உங்களால் கொடுக்க முடியும்.