பேக்-மேனின் பழைய திரை

காசு போட்டு விளையாடும் பேக்-மேன் பெட்டியை ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது 1980-இல். அந்தக் காலப் பெட்டிகள் சிலவற்றில் இன்று சர்க்யூட் போர்டு செத்துவிட்டது, பிக்சர் டியூப் மட்டும் உயிரோடு இருக்கிறது. உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, பழைய ஆட்டங்களை அப்படியே ஓட்டிக்காட்டும் ‘மேம்’ மென்பொருளைப் போட்டு, அதே திரையை எரியவிடலாமே என்று ஆர்வலர்களுக்குத் தோன்றும். உடனே பொருத்தமான பிளக்கைத் தேடுவார்கள். பிளக் சின்ன வேலைதான். இரண்டு கருவிகளின் தாளமும் வேறு வேறு என்பதுதான் பெரிய வேலை.

பிக்சர் டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி தீட்டும். சட்டென்று திரும்பி வந்து அடுத்த வரியைத் தொடங்கும். புத்தகம் படிக்கும்போது நம் கண் போகிற போக்கு அது. காசு போட்டு விளையாடும் பெட்டிகளின் ‘ஆர்கேட்’ மானிட்டர்கள் இந்த வேகத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டன: நொடிக்குச் சுமார் 15,700 வரிகள். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையோ நொடிக்குச் சுமார் 31,500 வரிகளை அனுப்புகிறது. ஏறக்குறைய இரு மடங்கு. அதை நேராகக் கொடுத்தால், கற்றை ஒரு வரி தீட்டி முடிப்பதற்குள் இரண்டு வரிக்கான படம் வந்து குவிகிறது. திரையில் படம் இரண்டாகப் பிளந்து, சாய்ந்து, கிழிந்து ஓடும். வேகம் மாறாத பழைய மானிட்டரை அப்படியே விட்டுவைத்தால், கற்றையைக் கிடைவாட்டில் இழுக்கும் டிரான்சிஸ்டர் கருகிப்போகவும் கூடும்.

ஆகவே கம்ப்யூட்டரை நிதானப்படுத்த வேண்டும். இங்கே விசித்திரமான ஒரு தடை. 320 புள்ளி அகலமுள்ள சின்னப் படத்தை இவ்வளவு மெதுவாக அனுப்பச் சில கிராபிக்ஸ் கார்டுகளால் முடியாது; புள்ளிகளை அனுப்பும் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. ஆர்வலர்கள் இதற்குக் கண்ட வழி அழகானது. ஒரு வரிக்கு 2,560 புள்ளிகள் என்று கார்டிடம் சொல்லி, ஒவ்வொரு புள்ளியையும் எட்டு முறை அனுப்பவைப்பார்கள். கார்டு தன் வேகத்திலேயே ஓடும். திரைக்குப் பழைய அளவே போய்ச் சேரும். கம்ப்யூட்டர் விழித்தெழும் முதல் சில நொடிகளில் மட்டும் இந்த ஏற்பாடு எடுபடாது. அதுவரை மானிட்டரைத் தனி சுவிட்சில் அணைத்து வைப்பது நல்லது.

வேறு இரண்டு சில்லறை வேறுபாடுகளும் உண்டு. விஜிஏ தரும் நிறச் சிக்னல் 0.7 வோல்ட்தான், பல ஆர்கேட் மானிட்டர்கள் அதைவிட வலுவாக எதிர்பார்ப்பதால், இடையில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் படம் மங்கித் தெரியும். வரி தொடங்கும் குறிப்பையும் காட்சி தொடங்கும் குறிப்பையும் விஜிஏ தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது. பல ஆர்கேட் மானிட்டர்களுக்கு அவற்றை ஒரே கம்பியில் சேர்த்துத் தர வேண்டும்.

அலட்சியம் காட்டக் கூடாத இடம் மின்சாரம். பல ஆர்கேட் மானிட்டர்களின் உலோகச் சட்டம் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர்தான் அதை நம்மிடமிருந்து பிரித்து வைக்கிறது. பெட்டியிலிருந்து மானிட்டரை மட்டும் கழற்றியெடுத்து, இந்த டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கம்ப்யூட்டரோடு இணைத்தால் கார்டு எரியும், ஆளுக்கும் ஆபத்து. டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். அணைத்த பிறகும் அது தங்கியிருக்கும். பழக்கமுள்ளவர் துணையில்லாமல் அங்கே கை வைக்கவே கூடாது.

சாதாரண தட்டைத் திரையை மாட்டிவிட்டால் இத்தனை பாடு எதற்கு? என் பதில் தாளத்தில்தான் இருக்கிறது. பேக்-மேன் போர்டு நொடிக்குச் சரியாக 16,000 வரிகளை அனுப்பியது. ஒரு காட்சிக்கு 264 வரிகள். ஆக நொடிக்கு 60.6 காட்சிகள். 60-க்குப் பழகிய திரையில் அதே வேகத்தில் ஓட, ஐந்து நொடிக்கு மூன்று காட்சிகளை விழுங்க வேண்டும். இல்லையேல் ஆட்டமே ஒரு சதவீதம் மந்தமாகும். ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் ஆட்டம் நொடிக்கு 55 காட்சிகள் கொண்டது. அங்கே பதினோரு காட்சிக்கு ஒன்று இரண்டு முறை தெரியும். வழுக்கிக்கொண்டு நகர வேண்டிய விண்வெளிப் பின்னணி விக்கி விக்கி நகரும். பிக்சர் டியூபோ கொஞ்சம் முன்பின் இருந்தாலும் போர்டின் தாளத்துக்கு இசைந்து கொடுக்கும். அந்த ஆட்டங்களை உருவாக்கியவர்கள் கண்ணால் பார்த்துச் செதுக்கிய அசைவு அதுதான். அதைக் காப்பாற்ற இந்தப் பாடு தகும் என்றே நான் நினைக்கிறேன்.

பேக்-மேன் பெட்டிகளின் திரை பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தப்பட்டது. அதனால் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். கண்ணுக்குத் தெரியும் வரிகள் 224, ஒவ்வொன்றிலும் 288 புள்ளிகள். ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே புதிர்ப்பாதை எரிந்ததில் பல டியூப்களின் பாஸ்பரில் அதன் தழும்பு பதிந்துவிட்டது. மின்சாரம் இல்லாதபோதும் தெரியும். கம்ப்யூட்டரை இணைத்து, மானிட்டரின் பின்புறமுள்ள திருகுகளால் அகலத்தையும் உயரத்தையும் சரிசெய்யும்போது அந்தத் தழும்பே அளவுகோல். நீலக் கோடுகள் மெல்ல நகர்ந்துபோய் அதன்மேல் அமர்ந்ததும் திருகைவிட்டுக் கையை எடுக்கலாம்.