பிளாஸ்டிக் டிரான்சிஸ்டரும் ஈரக்காற்றும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ் எட்டிப் பார்க்காத ஊர் குறைவு. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பெற்றவர்கள் நெல் வயலுக்குப் போக, பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அந்த வட்டாரத்தில்தான், சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில், ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் ஓஎல்இடி திரையில் ஒளிர்வது கரிமப் பொருள். அதாவது சாயம், பிளாஸ்டிக் போல, கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகள். ஆனால் அந்த ஒளியைப் புள்ளி புள்ளியாகக் கூட்டவும் குறைக்கவும் பின்னால் நிற்கும் டிரான்சிஸ்டர்கள் கரிமப் பொருளால் ஆனவை அல்ல. அந்த வேலை பாலிசிலிக்கானுக்கும் உலோக ஆக்சைடுக்கும் போய்விட்டது.

கரிம ஓஎல்இடியும் கரிம டிரான்சிஸ்டரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சுமுரா, கோயெசுகா, ஆண்டோ மூவரும் பாலிதயோஃபீன் என்ற பாலிமரைக் கொண்டு புலவிளைவு டிரான்சிஸ்டர் செய்து காட்டியது 1986இல். அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் ஓஎல்இடி பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டது 1987இல். ஒளிரும் கரிமம் இன்று கோடிக்கணக்கான சட்டைப்பைகளில் இருக்கிறது. ஸ்விட்சாக வேலை செய்யும் கரிமம் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே நின்றுவிட்டது. வேகம் போதாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது நிலையாக இருப்பதில்லை என்பதுதான்.

புலவிளைவு டிரான்சிஸ்டரின் வேலை ஏரி மதகின் வேலையைப் போன்றது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏரி நீரைப் பராமரிப்பதும் பங்கிடுவதும் அப்படிப்பட்ட வாரியங்களின் பொறுப்பு. டிரான்சிஸ்டரில் நீருக்குப் பதில் மின்னூட்டம். அது ஒரு முனையில் புறப்பட்டு மறு முனையில் வெளியேறுகிறது. நடுவில் உள்ள வாயில் என்னும் மின்முனைதான் மதகுப் பலகை. வாயிலுக்கும் குறைக்கடத்திக்கும் இடையே மெல்லிய மின்காப்புப் படலம் ஒன்று உண்டு. வாயிலில் மின்னழுத்தம் கொடுத்தால், படலத்துக்கு அப்பால் குறைக்கடத்தியின் ஓரத்தில் மின்னூட்டங்கள் வந்து சேர்ந்து பாதை அமைக்கும். பாதை திறக்கத் தேவையான அளவுக்குப் பயன்தொடக்க மின்னழுத்தம் என்று பெயர். பலகையை இரண்டு சுற்று திருகினால் தண்ணீர் வரும் என்று பழகிய மதகு, மறுவாரம் மூன்று சுற்று கேட்டால் கடைமடை வயல் காயும். கரிம டிரான்சிஸ்டரின் குறை இதுவே.

வேகத்தில் இந்தத் துறை நெடுந்தூரம் வந்துவிட்டது. மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை இயக்க எண் சொல்லும். 1986இன் பாலிதயோஃபீனில் அது, வோல்ட்-நொடிக்குச் சதுர சென்டிமீட்டர் என்ற அலகில், ஒன்றின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். பிறகு வந்த பென்டசீன் என்ற கரிமப் பொருளில் அது ஒன்றைத் தாண்டியது. ரூப்ரீன் ஒற்றைப் படிகங்களில் 15, 20 வரை அளந்தார்கள். படிகச் சிலிக்கானின் 1,400க்கு முன் இது சிறிது. ஆனால் எல்சிடி திரைகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய படிகமற்ற சிலிக்கானின் அளவே ஒன்றுக்குள்தான். அதை முந்திய பிறகும் கரிமத்துக்குக் கதவு திறக்கவில்லை.

ஏன் என்பதை ஆய்வக மேசையில் கண்ணால் பார்க்கலாம். விரல் நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மூன்று மின்முனைகளிலும் ஊசிகளை இறக்குகிறார்கள். வாயில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால் கணினித் திரையில் மின்னோட்டத்தின் வளைவு எழும். இனி மின்னழுத்தத்தை ஏற்றிய நிலையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி அளந்தால், அதே வளைவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். உருவம் பெரும்பாலும் மாறாது, சரிவும் அப்படியே இருக்கும், இடம் மட்டும் தள்ளிப்போயிருக்கும். மின்னழுத்தத்தை நீக்கிச் சற்று ஓய்வு கொடுத்தால் வளைவு பின்னோக்கி வரும், பல சமயம் முழுதாக வராது. இதை ஆய்வாளர்கள் பயாஸ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் அதன் டிரான்சிஸ்டர் விடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. வளைவு நகர்ந்தால் அந்தப் புள்ளி மங்கும், திரையில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட வழிகாட்டிய ஆய்வு ஒன்று 1995இல் சயின்ஸ் இதழில் வந்தது. செய்தவர்கள் பெல் ஆய்வகத்தின் அனந்த் தொட்டபலாப்பூர், லூயிசா டோர்சி, ஹோவர்ட் காட்ஸ். படலம் எத்தனை அடுக்கு இருந்தாலும், மின்காப்பை ஒட்டியுள்ள முதல் இரண்டு மூலக்கூறு அடுக்குகளில்தான் மின்னோட்டத்தின் பெரும்பகுதி போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியானால் அந்த எல்லையில் ஒட்டியிருக்கும் சின்ன அழுக்குகூட மொத்தப் பாதையையும் கெடுத்துவிடும்.

அந்த அழுக்கில் முதன்மையானது தண்ணீர். சிலிக்கான் டை ஆக்சைடு என்ற வழக்கமான மின்காப்பின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் உண்டு. அவை எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று கேம்பிரிட்ஜ் குழு 2005இல் நேச்சர் இதழில் நிறுவியது. பல கரிமப் பொருள்களில் எலக்ட்ரான்கள் ஓடவே ஓடாது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஹைட்ராக்சில் இல்லாத மின்காப்பைப் போட்டதும் அவை ஓடின. அதே குழுக்கள் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகமும் ஐந்தோவன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வுகள் தந்த விளக்கம் இன்னொரு படி மேலே போகிறது. பாதையில் ஓடும் நேர்மின் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், அந்த நீர் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து புரோட்டான்களை உண்டாக்குகின்றன. புரோட்டான்கள் மெல்ல மின்காப்புக்குள் ஊர்கின்றன. உள்ளே சேர்ந்த அந்த மின்னூட்டம் வாயிலின் கட்டளையை எதிர்க்கிறது. வெற்றிடத்தில் வைத்து அளந்தால் வளைவின் நகர்வு பல மடங்கு மெதுவாகிவிடுவது இதற்குச் சான்று.

காற்றும் வெளிச்சமும் தங்கள் பங்குக்குச் சேதம் செய்கின்றன. ஒளி படும்போது பென்டசீன் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடும். இதைத் தாங்கும் மூலக்கூறாக ஜப்பானின் டாகிமியா குழு 2007இல் டிஎன்டிடி என்பதை அறிமுகப்படுத்தியது. அதை வைத்து டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சோமேயா குழு 2012இல் செய்த டிரான்சிஸ்டர்கள் 150 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்கின. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வெப்பத்துக்கு அது போதும்.

ஈரத்துக்கு எதிராகவும் நல்ல விடைகள் வந்திருக்கின்றன. 2017இல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹவுஸ் குழு, பாலிமர் படலத்தின் நுண் இடுக்குகளில் தங்கும் நீரை வெளியேற்றச் சின்ன மூலக்கூறுகளைக் கலந்து பார்த்தது. நீர் இருந்த இடத்தில் அவை உட்கார்ந்ததும் நிலைத்தன்மை கூடியது. மறு ஆண்டு ஜார்ஜியா டெக்கின் கிப்பெலன் குழு மின்காப்பையே மாற்றியது. ஹைட்ராக்சில் குழுக்கள் இல்லாத, நீரை அண்டவிடாத சைட்டாப் என்ற ஃபுளோரின் பாலிமர் ஒரு அடுக்கு, அதன்மேல் அலுமினியம், ஹாஃப்னியம் ஆக்சைடுகளை மாற்றி மாற்றிப் பூசிய இன்னொரு அடுக்கு. 5,90,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ ஏழு நாள், மின்னழுத்தத்தில் வைத்தும் பயன்தொடக்க மின்னழுத்தம் 0.2 வோல்ட்டுக்கு மேல் நகரவில்லை. எதிரெதிர்த் திசையில் நடக்கும் இரண்டு தேய்மானங்கள் ஒன்றையொன்று சமன் செய்வதே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். 75 டிகிரி வரையிலும் சோதித்தார்கள். சந்தையில் உள்ள மற்றப் படல டிரான்சிஸ்டர்களுக்கு இணையான நிலைத்தன்மை கரிமத்துக்கும் சாத்தியம் என்று அந்த எண்கள் சொல்கின்றன.

இந்தியாவிலும் இந்த வேலைக்கு வேர் உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே.எஸ்.நாராயணும் என்.குமாரும் ஒளிக்கு எதிர்வினை காட்டும் பாலிமர் டிரான்சிஸ்டரை 2001இலேயே செய்து காட்டினார்கள். ஐஐடி ஜோத்பூரில் ஸ்ரீ பிரகாஷ் திவாரியின் குழு, வளையும் பிளாஸ்டிக் தாளில் டிப்ஸ்-பென்டசீன் என்ற பென்டசீன் வகையின் படிகங்களை வளர்த்து, வளைத்த பிறகும் மின்னழுத்தத்தில் வைத்த பிறகும் டிரான்சிஸ்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்கிறது. ஐஐடி கான்பூரில் நெகிழ் மின்னணுவியலுக்கான தேசிய மையம் இயங்குகிறது. ஐஐடி மும்பையில் வி.ராம்கோபால் ராவ் உள்ளிட்டோர் வெடிமருந்து ஆவியை மோப்பம் பிடிக்கும் கரிம டிரான்சிஸ்டர்களை 2010இல் வெளியிட்டார்கள்.

மோப்பம் பிடிக்கும் இந்த உபயோகத்தில்தான் கிராமத்துக்கும் இந்த டிரான்சிஸ்டருக்கும் உறவு வருகிறது. கரிமப் பொருளைக் கரைசலாக்கி, மை போல, மலிவான பிளாஸ்டிக் தாளில் அச்சிடலாம். சிலிக்கானுக்குத் தேவைப்படும் உயர் வெப்பம் வேண்டாம். யூரியா போட்ட வயலிலிருந்து வெளியேறும் அம்மோனியா, கெட்டுப்போகும் மீனிலிருந்து வரும் ஆவி போன்றவற்றை உணர இந்த வகை டிரான்சிஸ்டர்கள் ஆய்வகங்களில் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் ஆவியை உள்ளே விடும் அதே திறந்த உடம்பு ஈரத்தையும் உள்ளே விடுகிறது. நன்றாக மூடிவிட்டால் நிலையாக இருக்கும், எதையும் உணராது. திறந்து வைத்தால் உணரும், ஆனால் வளைவு நகர்ந்தது அம்மோனியாவாலா வடகிழக்குப் பருவக்காற்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உணரும் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் மூடிய டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து இரண்டின் வித்தியாசத்தை அளப்பது ஒரு வழி.

ஆகவே சோதனை நடக்கும் ஊரின் காற்றும் முக்கியம். உத்திரமேரூர் வட்டாரத்தில் கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை பெய்யும், விடியற்காலையில் பயிரெல்லாம் பனியில் நனைந்திருக்கும். குளிர்நாட்டு ஆய்வகங்களில், அதுவும் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் அளந்த எண்கள் இந்த வயல்களுக்கு உத்தரவாதம் ஆகாது. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பார்க்கும் துரித சோதனை மின்னணுத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் அந்தப் பெட்டியில் வெப்பமும் ஈரமும் ஒரே அளவில் நிற்கும். வயலிலோ பகலில் காய்ச்சலும் இரவில் நனைச்சலும் மாறி மாறி வரும். படலங்கள் விரிந்து சுருங்கி அடுக்குகள் பிரிவது இந்த மாற்றத்தில்தான். தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இயற்பியல், வேதியியல் படிக்கும் மாணவர்கள் எளிய கருவிகளோடு செய்யக்கூடிய, உலகுக்கே பயன்படக்கூடிய ஆய்வு இது: ஒரே வகை டிரான்சிஸ்டரை ஆண்டு முழுதும் வெளியில் வைத்து, மாதந்தோறும் வளைவைப் பதிவு செய்வது.

இன்னொரு எச்சரிக்கையும் இந்தத் துறையிலிருந்தே வந்திருக்கிறது. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்தவர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்முனையும் கரிமப் பொருளும் தொடும் இடத்தின் தடை வாயில் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறினால், கணக்கிடும் இயக்க எண் உண்மையைவிட மிகையாக வந்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். பெருமையாக அறிவிக்கப்பட்ட சில எண்களை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. எனவே புதிய கரிம டிரான்சிஸ்டர் பற்றிச் செய்தி வரும்போது வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் மின்னழுத்தத்தில் வைத்தார்கள், எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில், மூடியா திறந்தா, அதன் பிறகு பயன்தொடக்க மின்னழுத்தம் எத்தனை வோல்ட் நகர்ந்தது என்ற விவரங்களும் அதே வரியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.