எந்தப் படத்துப் பாட்டு?

அலங்காநல்லூரில், வாடிவாசலுக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. கரும்பு வெட்டிக் கை காய்த்துப்போன பெரியவர் ஒருவர் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஓர் இளைஞன். அவன் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டு. பறை அதிர்கிறது. அதன் தோள்மீது கை போட்டுக்கொண்டு கிதார் முழங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கானாக் குரல் சாதியைச் சந்திக்கு இழுத்துச் சாட்டை வீசுகிறது.

பெரியவர் கேட்டார்: "ஏப்பா, இது எந்தப் படத்துப் பாட்டு?"

"படத்துப் பாட்டு இல்ல தாத்தா. இவங்களாச் சேர்ந்து போட்டது."

"படமே இல்லாமப் பாட்டா?"

தோழனே! பெரியவர் மீது பிழையில்லை. தலைமுறை தலைமுறையாக நம் காதுகளைக் கோடம்பாக்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைக்காரன் கொடுத்ததைக் கேட்டோம், கொடுக்காததை மறந்தோம். ஆனால் எண்ணிப்பார்! நாற்று நட்டவள் எந்தப் படத்துக்காகப் பாடினாள்? ஏற்றம் இறைத்தவன் எந்த முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பாடினான்? தாலாட்டுக்குத் தயாரிப்பாளர் உண்டா? ஒப்பாரிக்கு ஒப்பந்தம் உண்டா? பாட்டு பிறந்தது வயலில். படம் வந்தது பிறகு!

அந்த இளைஞன் கேட்டுக்கொண்டிருந்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவின் பாட்டு. 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், சென்னை கீழ்ப்பாக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் திரண்ட திடலில் அவர்கள் முதன்முதலாக மேடை ஏறினார்கள். பத்தொன்பது பேர். கானா பாடுவோர், ராப் பாடுவோர், பறை அடிப்போர், சட்டியும் கட்டமோளமும் கொட்டுவோர், கிதாரும் மேல்நாட்டு டிரம்ஸும் வாசிப்போர். கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு, குடிகாரன் கூச்சல் என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டல்லவா? அவர்கள் கண்ணெதிரில், கோட்டும் சூட்டுமாக, நெஞ்சு நிமிர்த்தி நின்றது வடசென்னை!

அந்தப் பெயரின் பொருளைக் கவனி. சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் தந்த சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. 1907இல் அந்தப் பண்டிதர் ஒரு வார ஏடு தொடங்கினார். 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். விலை சிறிது, விதைத்ததோ பெரிது! பெரிய ஏடுகள் இடம் தராதபோது ஏழை தானே ஏடு நடத்தினான். பெரிய இசைக் கம்பெனிகள் இடம் தராதபோது இந்தப் பிள்ளைகள் தாமே பாட்டை வெளியிடுகிறார்கள். டென்மா என்ற இசைக்கலைஞரின் 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறு நிறுவனமும், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் கைகோத்துக் கட்டிய மேடை அது. ஒரு பைசா ஏட்டின் பேரப்பிள்ளை என்று இதைச் சொன்னால் தவறென்ன?

"சின்னக் கம்பெனி என்னத்தைச் சாதிக்கும்?" என்று கேட்பவன் இருப்பான். அவனை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல். டெட்ராய்ட் நகரில் மோட்டார் தொழிற்சாலையில், வரிசையில் நின்று வேலை பார்த்த ஒரு கறுப்பினத் தொழிலாளி, பெர்ரி கோர்டி. 1959இல் தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். கறுப்பர் குரலைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி வைத்திருந்த நாட்டில், வெள்ளையர் வீட்டு நடுக்கூடத்திலேயே அந்தக் குரலை ஒலிக்கச் செய்தது அந்தச் சிறு கம்பெனி. முதல் 800 டாலர். முடிவில் உலகப் புகழ்!

அமெரிக்கா வரை போவானேன்? நம் அலங்காநல்லூரையே எடுத்துக்கொள். தை பிறந்தால் காளையைக் காண நாடே இங்கே திரள்கிறது. 2017இல் தடையை எதிர்த்து இந்த ஊரில் மூண்ட கனல்தான் மெரினாவில் பெருநெருப்பாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே, 'டக்கரு டக்கரு' என்ற தனிப் பாட்டைப் படம் எதையும் நம்பாமல் வெளியிட்டார்கள் ஹிப்ஹாப் தமிழா இளைஞர்கள். படமில்லாத பாட்டு படை திரட்ட உதவும் என்பதை இந்த மண் கண்டது.

காளைக்குக் கிடைத்த புகழ் இந்த ஊர்ப் பறைக்குக் கிடைத்ததா? எத்தனை காலம் அதைத் தீட்டு என்று தெருக்கோடியில் நிறுத்தினோம்! இழவு சொல்ல வேண்டும், ஆனால் விழாப் பந்தலுக்குள் வரக்கூடாது என்றோம்! இதே அலங்காநல்லூர்க்காரர் பறையிசை ஆசான் வேலு. சமர் கலைக்குழுவை நடத்தி, ஊர் ஊராய் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பறை கற்றுக்கொடுத்தார். 2025இல் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது. பறை மாறவில்லை, தோழனே, பார்வை மாறியது. அந்த மாற்றத்துக்கு உழைத்த தோள்களில் இந்தச் சிறு மேடைப் பாடகர்களின் தோளும் ஒன்று.

புகழ்வதோடு நின்றுவிட்டால் அது பூமாலைப் பேச்சு. குறையும் சொல்வேன், நம்மவர் என்பதால் உரிமையோடு சொல்வேன்.

பத்தொன்பது பேர் ஏறிய மேடையில் பெண் ஒருவர்தான். இசைவாணி! ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் தனியொருத்தியாய்ப் புகுந்தவர். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் பெருமை அவருக்கு. ஆனால் சமத்துவம் பாடும் மேடையில் பதினெட்டுக்கு ஒன்று என்ன கணக்கு? இன்னொன்று: கிதாரின் கர்ச்சனையில் சில நேரம் சொல் மூழ்கிப்போகிறது. சொல்லே வாளாக இருக்கும்போது உறைக்குள் வைத்தா வீசுவது? மூன்றாவது: சில பாட்டுகளில் முழக்கம் முந்துகிறது, பாட்டு பிந்துகிறது. இடஒதுக்கீட்டைப் பற்றி அவர்கள் பாடும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது; ஆனால் கைதட்டியவன் வீட்டுக்குப் போன பிறகும் முணுமுணுக்க வேண்டும். அப்போதுதான் அது எதிரியின் வீட்டுக்குள்ளும் நுழையும்.

அந்த வித்தை கைவந்தவர் அறிவு. அரக்கோணத்துப் பிள்ளை, அதே குழுவில் பாடியவர். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பைத் தந்தார். 2018இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த பெண் ஸ்னோலினின் பெயரில் பாடினார். எந்தப் படத்துக் கதாநாயகன் அதற்கு வாயசைப்பான்?

பிறகு வந்தது 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. மாஜா என்ற புதிய நிறுவனத்தின் வெளியீடு. சொல் அறிவுடையது, பாடியவர்கள் தீயும் அறிவும், உருவாக்கியவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த முன்னோரின் கதை, தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை, அந்தப் பாட்டின் வேர் என்றார் அறிவு. நாற்பது கோடித் தடவைக்கும் மேல் உலகம் அதைப் பார்த்தது. நிலமில்லாதவனின் பாட்டு நிலமெங்கும் ஒலித்தது!

ஒலித்தது, ஆனால் நடந்தது என்ன? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டையில் அந்த வெற்றியைக் கொண்டாடியபோது, சொல்லெழுதியவரின் முகம் அங்கே இல்லை. பா. இரஞ்சித் கண்டித்தார், நாடு கேட்டது. மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லன். நான் கேட்பது ஒன்றுதான்: கணக்கு எங்கே?

ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் உழவன் எடைச் சீட்டு கேட்கிறான். கேட்காவிட்டால் ஏமாளி என்கிறோம். பாடுகிறவன் மட்டும் கணக்குக் கேட்டால் பேராசைக்காரனா? பாட்டும் உழைப்பு! தொண்டையும் ஓர் உழைப்புக் கருவி! 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருவாயில் சம பங்கு உண்டு என்கிறது. படப் பாட்டானாலும் தனிப் பாட்டானாலும் அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை எடைமேடைக்குக் கொண்டுவர வேண்டியது நம் வேலை. சிறிய கம்பெனி என்பதாலேயே நல்ல கம்பெனி ஆகிவிடாது, தோழனே! கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கும் கம்பெனிதான் நல்ல கம்பெனி.

சினிமாவைச் சபிக்க நான் வரவில்லை. இந்த மேடை கட்டியவரே சினிமாக்காரர். இங்கே பாடியோர் சினிமாவிலும் பாடுகிறார்கள். அங்கே பாடுவது பிழைப்பு, பிழைக்கட்டும். ஆனால் படம் கேட்காததையும் பாட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் காப்பது நம் கடன். இலவசமாய்க் கேட்டுவிட்டு எழுந்து போகாதே; சீட்டு வாங்கிக் கேள். பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் கேள். ஊர்த் திருவிழாவுக்குக் குழு அழைக்கும்போது இவர்களையும் அழை. பேசிய கூலியை மேடையிலிருந்து இறங்குமுன் கையில் கொடு.

அந்தப் பெரியவர் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. தேநீர் ஆறிப்போனது. போகும்போது இன்னொரு கேள்வி கேட்டார்: "இவங்களுக்குக் கூலி யாருப்பா கொடுக்குறா?"

இளைஞனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்!