அதே 43 சதவீதம், ஆனால் கூடுதல் புகை: ஒரு நாட்டின் காலநிலை வாக்குறுதியை எப்படிப் படிப்பது?

உங்கள் ஆபீஸில் அப்ரைசல் சீசனுக்கு ஒரு புது விதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதை எந்த அளவுகோலில் அளப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். எட்டவில்லை என்றால் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். ஒரே நிபந்தனை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் எழுதும் புது இலக்கு பழையதைவிடக் கொஞ்சமாவது உயர்ந்திருக்க வேண்டும்.

2015-ல் ஏற்கப்பட்ட பாரிஸ் ஒப்பந்தம் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு நாடும் தன் காலநிலை இலக்கை எழுதி ஐ.நா.விடம் கொடுக்கிறது. இந்த ஆவணத்துக்குப் பெயர் 'தேசிய அளவில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு', சுருக்கமாக என்டிசி. இலக்கு ஆவணத்தைக் கொடுக்காத நாட்டைக் கேள்வி கேட்க ஒரு குழு உண்டு. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 2035-க்கான இலக்கைக் கொடுக்க 2025 பிப்ரவரி 10 கெடு. பெரும்பாலான நாடுகள் தவறவிட்டன. இந்தியாவும்தான். யாருக்கும் அபராதம் விழவில்லை.

அப்போ இதெல்லாம் வெறும் காகிதம்தானா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2025 அறிக்கைப்படி, நாடுகள் கொடுத்த வாக்குறுதிகள் முழுமையாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டில் பூமியின் வெப்பம் 2.3 முதல் 2.5 டிகிரி வரை உயரும். இப்போது நடைமுறையில் இருக்கும் கொள்கைகள் மட்டும் தொடர்ந்தால் 2.8 டிகிரி. வாக்குறுதிக்கும் கொள்கைக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வரும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

சதவீதம் மாறாமலே இலக்கு இளகுமா?

இளகும். பிரேசில் செய்து காட்டியது.

2005-ம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2030-க்குள் உமிழ்வை 43 சதவீதம் குறைப்போம் என்று பிரேசில் முதலில் சொன்னது. அப்போதைய கணக்கில் 2005-ன் உமிழ்வு சுமார் 210 கோடி டன். அதில் 43 சதவீதம் போனால் 2030-ல் மீதி சுமார் 120 கோடி டன். 2020 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஆவணம் வந்தது. அதிலும் அதே 43 சதவீதம்தான். ஆனால், இடைப்பட்ட காலத்தில் கணக்கிடும் முறை மேம்பட்டு, 2005-ன் உமிழ்வு சுமார் 280 கோடி டன் என்று திருத்தப்பட்டிருந்தது. இப்போது 43 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி 160 கோடி டன். ஒரு எழுத்துகூட மாறாத மாதிரி தெரியும் வாக்குறுதிக்குள் 40 கோடி டன் கூடுதல் புகைக்கு இடம் கிடைத்துவிட்டது.

கணக்கைத் திருத்தியதில் தப்பில்லை, எல்லா நாடும் செய்வதுதான். அடிப்படை எண் ஏறியபோது சதவீதத்தையும் சேர்த்து ஏற்றியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. பிரேசில் இளைஞர்கள் சிலர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2022-ல் இலக்கை 50 சதவீதமாக உயர்த்திய பிறகும் பழைய 120 கோடி டன்னுக்குள் அது வரவில்லை. 2023-ல், லூலா அரசு வந்த பிறகுதான் இலக்கைச் சதவீதத்தோடு நிறுத்தாமல் டன் கணக்கிலும் எழுதி, 120 கோடி என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். புதிய அடிப்படையில் அதற்கு 53 சதவீதம் தேவைப்பட்டது.

இந்தியா எதை அளக்கிறது?

2015-ல் இந்தியா இரண்டு முக்கியமான எண்களைக் கொடுத்தது (காடுகள் பற்றிய மூன்றாவது ஒன்றும் உண்டு). 2005-ஐவிட 2030-க்குள் 'உமிழ்வுச் செறிவை' 33 முதல் 35 சதவீதம் குறைப்பது. மின்நிலையங்களின் மொத்த நிறுவு திறனில் 40 சதவீதத்தை நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றிலிருந்து பெறுவது. 2022 ஆகஸ்டில் இவை 45, 50 சதவீதமாக உயர்த்தப்பட்டன. பிரேசிலில் நடந்தது போல இல்லை, உண்மையிலேயே உயர்வுதான்.

ஆனால் 'செறிவு' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு ரூபாய் ஜிடிபிக்கு எவ்வளவு உமிழ்வு என்பதுதான் செறிவு. மொத்த உமிழ்வு வேறு. பொருளாதாரம் 100, உமிழ்வு 100 என்று தொடங்குவோம். பொருளாதாரம் 300 ஆகிறது, செறிவு 45 சதவீதம் குறைகிறது. உமிழ்வு எவ்வளவு? 300-ல் 55 சதவீதம், அதாவது 165. இலக்கு நிறைவேறியிருக்கும், புகையும் கூடியிருக்கும்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்வது நியாயமில்லை. உலக மக்கள்தொகையில் 17 சதவீதத்துக்கு மேல் இங்கே இருக்கிறார்கள். 1850-லிருந்து சேர்ந்த உமிழ்வில் இந்தியாவின் பங்கோ 4 சதவீத அளவுதான். இன்னும் வளர வேண்டிய நாடு மொத்த டன்னுக்கு வரம்பு போட்டுக்கொள்ளத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. என் வாதம் அதைவிடச் சின்னது: செறிவுக் குறைப்பை உமிழ்வுக் குறைப்பு என்று படிக்காதீர்கள்.

இரண்டாவது எண்ணிலும் இதே கவனம் வேண்டும். 2025 ஜூன் முடிவில் மொத்த நிறுவு திறன் சுமார் 485 ஜிகாவாட், அதில் புதைபடிவம் அல்லாதது 243 ஜிகாவாட் அளவு. 50 சதவீத இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே தொட்டாயிற்று. பெரிய சாதனைதான். ஆனால் உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டுக்கு வரும் மின்சாரத்தில் பாதி பசுமை என்று அர்த்தமில்லை. நாட்டின் மின் உற்பத்தியில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். சூரியத் தகடு ராத்திரியில் சும்மா கிடக்கும், அனல் மின்நிலையம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் ஒரு சூரிய மின்நிலையம் தன் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் தருகிறது. திறனை விட்டுவிட்டு உற்பத்தியில் ஒரு இலக்கு வைத்தால்தான் பேட்டரிகளுக்கும் மின்கடத்தும் பாதைகளுக்கும் நிஜமான அழுத்தம் வரும் என்பது என் கருத்து.

2070 யாருடைய பொறுப்பு?

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நெட் ஜீரோ என்று பிரதமர் மோதி அறிவித்தார். உங்களுக்கு இன்று 28 வயது என்றால் அன்று 70-ஐத் தாண்டியிருப்பீர்கள். இன்று முடிவெடுக்கும் யாரும் அன்று பதவியில் இருக்க மாட்டார்கள். அதனால்தான் என்டிசி தவிர, நீண்டகாலக் குறை உமிழ்வுத் திட்டம் ஒன்றையும் தயாரிக்கச் சொல்கிறது பாரிஸ் ஒப்பந்தம். இந்தியா அதை 2022 நவம்பரில் கொடுத்தது. மின்சாரம், போக்குவரத்து, நகரங்கள், தொழில்துறை, காடு என்று பல துறைகளைத் தொடுகிறது. உமிழ்வு எந்த ஆண்டு உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் என்பது அதில் இல்லை. இடையில் எந்தத் துறை எத்தனை டன்னைக் குறைக்க வேண்டும் என்பதும் இல்லை.

பிரிட்டன் இந்த இடைவெளியைச் சட்டத்தால் நிரப்பப் பார்த்தது. 2008-ன் காலநிலை மாற்றச் சட்டப்படி, ஐந்தைந்து ஆண்டுகளுக்கு எத்தனை டன் என்ற 'கார்பன் பட்ஜெட்' பல ஆண்டு முன்பே முடிவாகிறது. அரசு சாராத நிபுணர் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர, அரசு பதில் சொல்லியாக வேண்டும். அரசின் திட்டத்தில் விவரம் போதவில்லை என்று 2022-லும், திருத்திய திட்டமும் சட்டப்படி இல்லை என்று 2024-லும் உயர் நீதிமன்றம் சொன்னது.

ஜெர்மனியில் 2021-ல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. 2030-க்குப் பிறகு கடினமான வேலையை எல்லாம் தள்ளிப்போடுவது இன்றைய இளைஞர்களின் வருங்காலச் சுதந்திரத்தைப் பறிப்பது என்பதே தீர்ப்பின் சாரம். சில வாரங்களிலேயே 2030 இலக்கு 55-லிருந்து 65 சதவீதமானது, நெட் ஜீரோ 2050-லிருந்து 2045-க்கு வந்தது. சட்டமும் நிரந்தரமல்ல: துறைவாரி இலக்குகளின் கட்டாயத்தை 2024-ல் ஜெர்மனியே தளர்த்திக்கொண்டது.

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் கானமயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-ல், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகள் தரும் உரிமைக்குள் வரும் என்றது.

இதற்கிடையே, அதிகம் பேசப்படாமல் ஒரு கருவி வந்திருக்கிறது. 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு 2025-ல் இலக்குகள் அரசிதழில் வந்தன. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழலாம் என்று ஆலைவாரியாக, ஆண்டுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். இலக்கைத் தாண்டும் ஆலை கிரெடிட் வாங்க வேண்டும், மிச்சம் பிடிக்கும் ஆலை விற்கலாம். இதுவும் செறிவுக் கணக்குதான். ஆனால் 2070 போல இல்லை, பெயரும் ஆண்டும் இருக்கிறது. நீங்கள் இந்தத் துறைகளில் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் ஆலையின் எண்ணை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.