பிரிட்டிஷ் வானொலியில் ஒருநாட் பேச்சு

வானொலி என்றவுடனே நம்மனோர் பலர்க்கு முதற்கண் நினைவில் எழுவது இசையே. சென்ற நூற்றாண்டின் நடுவிலே பிரிட்டன் மக்கட்கோ, பேச்சும் அதற்கு நிகராக இல்லந்தோறும் புகுந்து குடியிருந்தது. காலைத் தியானம் தொடங்கி நள்ளிரவை அண்மிய கதை ஈறாக அவர்கள் செவிமடுத்த அப்பேச்சு எத்தகையது, எவர் மொழியில் அமைந்தது, எங்ஙனம் உருவாயிற்று என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இதன் பொருட்டு 1950ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு வேலைநாளை எடுத்துக்கொள்வோம்.

பி.பி.சி. என வழங்கும் ஒலிபரப்பு நிலையம் 1922ஆம் ஆண்டிலே ஒரு வணிகக் கம்பெனியாகத் தோன்றி, 1927ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அரச பட்டயம் பெற்ற கழகமாயிற்று. நாம் கருதும் காலத்தில் அதற்கு மூன்று அலைவரிசைகள் இருந்தன. செய்தியும் சொற்பொழிவும் மிக்கது ஹோம் சர்வீஸ். பொழுதுபோக்கிற்கு உரியது லைட் புரோகிராம். கலைவல்லாரை நோக்கியது தேர்டு புரோகிராம். விளம்பரம் அறவே இல்லை. வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒரு பவுன் உரிமக் கட்டணம் செலுத்தினர். 1946ஆம் ஆண்டுக்கு முன் அது பத்து ஷில்லிங்காய் இருந்தது.

காலை எட்டு மணிச் செய்திக்குச் சற்று முன்னர் ஒரு சிறு தியானவுரை ஒலிக்கும். ‘உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்’ என்று பொருள்படும் பெயருடையது அது. போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டிலே ஏற்பட்டது. பத்தே கால் மணிக்கு நாள்வழிபாடு. இது 1928ஆம் ஆண்டு முதல் நடைபெறுவது. அம்மையார் ஒருவர் இடையறாது கடிதம் எழுதி வேண்டியதன் பயனாகத் தோன்றியது என்பர். நோயுற்றுப் படுக்கையிற் கிடப்போரும் ஆலயம் செல்லவியலாத முதியோரும் இதனை எவ்வளவு ஆர்வத்தோடு எதிர்நோக்கியிருப்பர் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இனி, இப்பேச்சு உருவாகும் முறையை நோக்குவோம். கேட்போர் பேச்சென்று கொண்டது பெரும்பாலும் எழுத்தே. செய்தி மட்டுமன்று, அறிஞர்தம் உரை, சமையற் குறிப்பு, சிற்சில வேளை உரையாடலுங்கூட முன்னரே எழுதப்பெற்று, அதிகாரிகளாற் பார்வையிடப்பெற்று, ஒத்திகையும் கண்டபின்னரே ஒலிவாங்கியின் முன் படிக்கப்பட்டன. லண்டனில் 1932ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிராட்காஸ்டிங் ஹவுஸ் என்னும் மாளிகையின் சிற்றறை ஒன்றில், மேசையின் முன் ஒருவர் தனித்தமர்ந்திருப்பார். பச்சை விளக்கு எரிந்தவுடன் தொடங்குவார். தாள் சலசலத்தால் அவ்வோசை நாடெங்கும் கேட்கும். ஆதலின் ஏடுகளை அரவமின்றி அகற்றவும் பழகவேண்டும்.

ஆயினும், படிக்கும் அவ்வுரை படிப்பதுபோற் கேட்கலாகாது. இந்நுட்பத்தைத் தெளிவாகக் கண்டவர் ஹில்டா மாதெசன் அம்மையார். இவர் பிரஸ்பிட்டேரியன் குரு ஒருவரின் மகளார். 1927ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் சொற்பொழிவுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். (கழகத்தின் தலைவராயிருந்த ரீத் என்பாரும் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் குரு ஒருவரின் மைந்தரே.) கேட்போர் இலட்சக்கணக்கினராயினும் அவர் ஒரு மண்டபத்திற் கூடியவர் அல்லர், ஒவ்வொருவரும் தத்தம் அடுப்பங்கரையில் தனித்திருப்பவர். ஆதலால், மேடைமுழக்கமும் நூல்நடையும் அங்கே செல்லா. ஒருவரோடொருவர் பேசுமாறே பேசவேண்டும் என்பது அம்மையார் கொள்கை. பேரறிஞர் எழுதிக் கொணர்ந்த நீண்ட வாக்கியங்களைச் சிறு வாக்கியங்களாக்கி, அவரைக்கொண்டே பலமுறை படிப்பித்துப் பழக்குவார். பேச்சை எழுதி, எழுதியதை மீண்டும் பேச்சாக்கும் இவ்வித்தை, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் நெடுந்தொலைவு விலகி நிற்கும் தமிழைப் பயிலும் நமக்குப் பெரிதும் ஆராயத்தக்கது. அக்கழகமே 1941ஆம் ஆண்டில் தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியபோது இச்சிக்கல் இரட்டித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பள்ளிகட்கான பாடங்கள் பகற்பொழுதில் நடைபெறும். பிற்பகல் 1-45க்கு, ஐந்து வயதுக்குட்பட்ட குழவிகட்கும் அன்னையர்க்குமாகக் கால்மணி நேரம் கதையும் பாட்டும். இது 1950ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கியது. இரண்டு மணிக்கு ‘மகளிர் நேரம்’. 1946ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அது தொடங்கியபோது அதனை நடத்தியவர் ஓர் ஆடவர் என்பது நகைப்பிற்குரியதே! பின்னர் அப்பொறுப்பு பெண்டிர்பாற் சென்றது. உணவுப் பங்கீடு 1954ஆம் ஆண்டு வரை முற்றும் நீங்காத அந்நாட்டில், கிடைத்தது கொண்டு சமைக்கும் வகையைச் சொல்லும் குரல் வீண்பேச்சு அன்று. நான்கு மணிக்கு, மருத்துவர் மனைவி ஒருவர் தம் இல்லத்து நிகழ்ச்சிகளை உரைக்கும் ‘மிஸஸ் டேலின் நாட்குறிப்பு’. 1948 முதல் 1969 வரை ஓடிய தொடர்கதை இது.

இக்குரல்கள் எவருடைய ஆங்கிலத்தைப் பேசின என்னும் வினா இங்கே எழுகின்றது. 1926ஆம் ஆண்டில் உச்சரிப்பை வரையறுக்க ஒரு குழு அமைந்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் முதலிலும், பெர்னார்டு ஷா பின்னரும் அதற்குத் தலைவர். தென்னிங்கிலாந்தில் உயர்தரப் பள்ளிகளிற் பயின்றார் வழங்கிய ஒலிமுறையே அறிவிப்பாளர்க்கு விதியாயிற்று. அவர் தம் பெயரைச் சொல்லார். மாலையில் விருந்துடை அணிந்தே ஒலிவாங்கியின் முன் அமர்ந்த காலமும் உண்டு. காண்பார் எவருமில்லாத அறையில் உடைக்கு இத்துணைச் சிறப்பு!

போர் இவ்வழக்கத்தைத் தளர்த்தியது. பகைவர் நாட்டினுட் புகுந்து பொய்ச்செய்தி பரப்பக்கூடும் என்னும் அச்சத்தால், 1940ஆம் ஆண்டு முதல் செய்தி படிப்போர் தம் பெயரை முதலிற் கூறலாயினர். மக்கள் அக்குரல்களைத் தனித்தனி அறியலாயினர். 1941ஆம் ஆண்டில் யார்க்ஷயர் நாட்டவரான வில்பிரெட் பிக்கிள்ஸ் செய்தி படிக்க லண்டனுக்கு வரவழைக்கப்பட்டார். வடநாட்டு ஒலியோடு அவர் இரவு வணக்கம் கூறியது கேட்டு மகிழ்ந்தாரும் உளர், முறையிட்டாரும் உளர். வடநாட்டாருள்ளேயே சிலர் அதனை விரும்பவில்லை. செய்தி உண்மையாயிருக்க வேண்டுமானால் அது லண்டன் ஒலியிலேதான் வரவேண்டும் என்று செவி பழகிவிட்டது போலும்! தம் நாவின் ஒலியைத் தாமே இழிவாகக் கருதச் செய்யும் பழக்கத்தினும் கொடிது வேறென்ன என்று நமக்குத் தோன்றுகின்றது.

மாலை ஐந்து மணிக்குச் சிறுவர் நேரம். இப்பகுதிக்காகவே டாரதி சேயர்ஸ் அம்மையார் நம் ஆண்டவரின் வாழ்வைப் பன்னிரண்டு நாடகங்களாக எழுதினார். அவை 1941 டிசம்பர் முதல் 1942 அக்டோபர் வரை ஒலிபரப்பப்பட்டன. ஒரு நடிகர் கிறிஸ்துவின் குரலாகப் பேசுவதா என்றும், சீஷர்கள் தெருப்பேச்சிற் பேசுவதா என்றும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. வரிவசூல் செய்த மத்தேயு லண்டன் எளிய மக்களின் கொச்சையிலே பேசினார். பழைய மொழிபெயர்ப்பின் நடைக்குப் பழகிய செவிகட்கு அது நிந்தையாகப் பட்டது. அம்மையார் பின்வாங்கவில்லை, ஒலிபரப்பும் நிற்கவில்லை. மீன்பிடிப்போரும் வரிதண்டுவோரும் அக்காலத்தில் தத்தம் பேச்சிலேதான் பேசியிருப்பர் என்பதை நினைவார்க்கு அம்மையார் செய்தது முறையே எனப் புலப்படும்.

ஆறு மணிக்குச் செய்தி. ஆறே முக்கால் மணிக்கு டிக் பார்ட்டன் என்னும் துப்பறிவோனின் வீரச்செயல்கள். 1946 முதல் 1951 வரை சிறுவர் பலர் பாடப்புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டது. உழவர்க்கும் அத்தகைய விறுவிறுப்பான கதை ஒன்று வேண்டுமென 1948ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்திலே உழவர் ஒருவர் கூறினார். அச்சொல்லினின்று முளைத்ததே ‘ஆர்ச்சர் குடும்பத்தார்’. பர்மிங்காமில் காட்பிரே பேஸ்லி என்பார் ஆக்கிய இக்கதை 1951 சனவரி முதல் நாடெங்கும் ஒலித்தது. உணவு விளைவைப் பெருக்கும் செய்திகளைக் கதையினூடே புகுத்தியது. அவ்வாண்டிலேயே டிக் பார்ட்டனின் நேரத்தையும் பெற்றது. அக்கதை இன்றும் நடைபெறுகின்றது.

இரவு ஒன்பது மணிக்குப் பிக் பென் மணி அடிக்கும். மணிக்கூண்டினருகே வைத்த ஒலிவாங்கி அதனை நேரே கொண்டுசெல்லும். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்வது. மின்னலையோ மூன்று இலட்சம் கிலோமீட்டர் பாய்வது. ஆகவே தேம்ஸ் ஆற்றின் அக்கரையில் நிற்பவனினும் ஸ்காட்லாந்தில் வானொலி கேட்பவன் அம்மணியோசையை முன்னரே கேட்டுவிடுவான்! போர்க்காலத்தில், 1940 நவம்பர் முதல், அம்மணி ஒலிக்கும் பொழுதிலே மக்கள் மௌனமாய் மன்றாடினர். அதன்பின் செய்தி, செய்திக்குப்பின் சிலநாள் ஒரு சொற்பொழிவு. டன்கர்க் மீட்சியைப் பற்றி 1940 ஜூனில் பிரீஸ்ட்லி பேசியது இவ்வேளையிலேதான். போர்க்கப்பல்களை விடுத்து, உல்லாசப்பயணம் செய்வோரை ஏற்றிச்செல்லும் ஒரு சிறு படகைப் பற்றியே அவர் பேசினார். அதுவும் யார்க்ஷயர் ஒலியோடு.

இவ்வாறு பேசப்பட்டவற்றுட் சிறந்தன, 1929 முதல் வெளிவந்த ‘லிஸனர்’ என்னும் வார இதழில் அச்சேறின. காதிற்காக எழுதியது மீண்டும் கண்ணிற்கே சென்றது.

பதினொரு மணியளவில், 1949ஆம் ஆண்டு முதல், படுக்கைநேரப் புத்தகம். இங்கே நூலைப் பேச்சாக மாற்றுவதில்லை. நாவல் நாவலாகவே கால்மணி நேரம் மெல்லப் படிக்கப்படும். கேட்பவர் பெட்டியை நிறுத்திவிட்டு விளக்கை அணைப்பர்.