மின்னல் வீரனும் மலர் விற்கும் மங்கையும்



திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்னும் பகுதியில் வசிப்பவன் நான். இங்குள்ள கோயிலில் எழுந்தருளியிருப்பவர், நீரில் ஆழ்ந்த பூமியை மீட்டெடுத்த வராக மூர்த்தி. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஒருவர் தோன்றி நம்மைக் காப்பார் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. அவ்வெண்ணமே இன்று 'சூப்பர் ஹீரோ' என்ற பெயர் பூண்டு திரையில் உலவுகிறது.

2021-ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் வாயிலாக நம் இல்லங்களை எட்டிய இரண்டு படங்களை ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று, பாசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம். மற்றொன்று, கீதாஞ்சலி ராவ் உருவாக்கிய 'பாம்பே ரோஸ்' என்னும் சித்திரப் படம். இது 2019-இலேயே வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது.

முதற்படத்தில், குறுக்கன்மூலை என்னும் கற்பனைக் கிராமத்தில் இருவர் மீது மின்னல் பாய்கிறது. டொவினோ தாமஸ் ஏற்றுள்ள தையற்காரன் ஜெய்சன் ஒருவன். நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஏற்றுள்ள ஷிபு மற்றொருவன். இருவருக்கும் அபார ஆற்றல் கிடைக்கிறது. ஆயினும், ஒருவன் காவலன் ஆகிறான். ஊரார் பித்தன் என்று ஒதுக்கிய மற்றவனோ பகைவன் ஆகிறான். அவனை அவ்வாறு ஆக்கியதில் மின்னலைவிட ஊராரின் இகழ்ச்சிக்கே பங்கு அதிகம் அன்றோ?

இரண்டாவது படத்தில் மின்னலும் இல்லை, பறக்கும் வீரனும் இல்லை. பம்பாய்த் தெருவில் பூ விற்கும் கமலா, காஷ்மீரிலிருந்து வந்த சலீம், முதிய ஆசிரியை ஷர்லி ஆகியோரே கதை மாந்தர். ஓவியர் பலர் கூடி, ஒவ்வொரு சட்டமாக வண்ணம் தீட்டிய படம் இது. கமலாவின் கனவு விரியும்போது திரை முகலாயச் சிற்றோவியமாக மாறுகிறது. ஷர்லி நடந்து செல்கையில் இன்றைய தெரு கறுப்பு வெள்ளையாகி, பழைய பம்பாயாகத் தோன்றுகிறது. மனத்துள் நிகழ்வதைக் கண்முன் நிறுத்தும் இவ்வாற்றல் தூரிகைக்கே உரியது.

இரண்டையும் பார்த்து முடித்த என் மகன், "இதில் ஹீரோ யார், அப்பா?" என்று இரண்டாவது படத்தைக் குறித்துக் கேட்டான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த ஒரு சொல்லுக்கு உடனே விடை கூற இயலவில்லை. காது கேளாத ஓர் ஏழைச் சிறுவனுக்குக் கமலாவின் தங்கை தாரா துணை நிற்கும் காட்சியைப் பிறகு நினைவூட்டினேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான்.

முதற்படம் விறுவிறுப்பானது, சிரிக்கவும் கலங்கவும் வைப்பது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் வீரத்தை மட்டுமே கண்டு பழகிய இளங்கண்களுக்கு, பரிவைக் காணும் பயிற்சியும் வேண்டும். ஆகவே, இவ்விரு படங்களையும் வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் ஷிபுவைப் பற்றியும் தாராவைப் பற்றியும் அவர்களோடு பேசுங்கள்.